பவுடர் வாடை அடிக்குதா? குற்றம் பவுடர் மேல் மட்டும் இல்லை!

காலையில் குழாயைத் திறந்ததும் சில நாள் தண்ணீருக்கு முன்னால் வாடை வந்து நிற்கும். "இன்னைக்கு பவுடரை அள்ளிக் கொட்டிட்டாங்க போல" என்று குடத்தைத் தள்ளி வைப்பார்கள். தென்காசி மாவட்டத்தின் எந்தக் கிராமத்திலும் கேட்கக்கூடிய பேச்சு இது. அண்மைக்காலமாக இதோடு இன்னொரு பேச்சும் சேர்ந்துகொண்டது. "குளோரின் தண்ணி குடிச்சா கேன்சர் வருமாம்" என்று வாட்ஸ்அப்பில் வருகிறது. படித்த பேரன் சொல்ல, பாட்டி பயந்துபோய்க் குழாய்த் தண்ணீரை விட்டுவிட்டுத் தோட்டத்துக் கிணற்றுக்குப் போகிறார்.

பேரன் சொன்னதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால், அவன் சொல்லாமல் விட்ட மீதிதான் முக்கியம். அதைப் புரிந்துகொள்ள வீரகேரளம்புதூரைவிடப் பொருத்தமான ஊர் இருக்க முடியாது.

மேலே ஒரு ஊர், கீழே ஒரு ஊர்

ஊத்துமலை ஜமீனின் அரண்மனை இருந்த ஊர் வீரகேரளம்புதூர். சிற்றாறு அதன் வழியாகத்தான் ஓடுகிறது. அனுமன் நதி சிற்றாற்றோடு சேர்வதும் இந்த ஊர்ப் பக்கம்தான். சிற்றாறு யார் என்று தனியாகச் சொல்ல வேண்டாம். திரிகூட மலையில் பிறந்து குற்றாலத்தில் அருவியாக விழுகிறதே, அதே தண்ணீர்தான். குற்றாலத்தில் குளித்தவர்கள் தலையில் விழுந்த தண்ணீர், தென்காசியைக் கடந்து, அணைக்கட்டுகளிலும் கால்வாய்களிலும் பிரிந்து, மிச்சம் வீரகேரளம்புதூர் வந்து, கடைசியில் சீவலப்பேரியில் தாமிரபரணியோடு கலக்கிறது.

அருவியில் சோப்பு, ஷாம்பூ, எண்ணெய் தேய்த்துக் குளிக்க உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தடை விதித்தது நினைவிருக்கும். ஆனால், சோப்பு மட்டுமா ஆற்றில் சேர்கிறது? சீசன் நேரத்தில் லட்சக்கணக்கானவர்கள் வந்து போகிறார்கள். விடுதிகள், உணவகங்கள், கழிப்பறைகள் என்று எல்லாவற்றிலிருந்தும் வெளியேறும் நீர் எங்கேயாவது போய்த்தானே ஆக வேண்டும்? வழியில் உள்ள ஊர்களின் சாக்கடையும் அப்படித்தான். ஆற்றங்கரை ஊர்களின் பல ஆண்டுக் குறை இது. மேலே உள்ள ஊரின் கழிவுநீர், கீழே உள்ள ஊரின் உறைகிணற்றுக்குப் பக்கத்தில் ஓடுகிறது.

ஆகவே தண்ணீரில் கிருமிநாசினி கலந்தே ஆக வேண்டும். கழிவுநீரை ஆற்றில் விடுவதற்கு முன்பு ஒருமுறை, ஆற்று நீரைக் குடிநீராக அனுப்புவதற்கு முன்பு இன்னொரு முறை. இரண்டு இடத்திலும் பெரும்பாலும் பயன்படுவது குளோரின்தான். வாயுவாகவோ, திரவமாகவோ, பிளீச்சிங் பவுடராகவோ.

பீர் மணத்தைப் பிடித்தவர் தண்ணீரில் பிடித்தது

குளோரின் கலந்த குடிநீர் 20-ம் நூற்றாண்டின் மிகப் பெரிய உயிர்காப்பான்களில் ஒன்று. அமெரிக்காவின் ஜெர்சி சிட்டியில் 1908-ம் ஆண்டு தொடர்ச்சியாகக் குளோரின் கலக்கத் தொடங்கினார்கள். அதன்பிறகு ஊர் ஊராக அந்த வழக்கம் பரவ, டைபாய்டும் காலராவும் பின்வாங்கின. அறுபது ஆண்டுகளுக்கு மேல் யாரும் குளோரினைச் சந்தேகப்படவே இல்லை.

சந்தேகத்தைக் கிளப்பியவர் நெதர்லாந்தைச் சேர்ந்த ஜோஹன்னஸ் ரூக் என்ற வேதியியலாளர். ராட்டர்டாம் நகரக் குடிநீர் நிலையத்துக்கு வருவதற்கு முன்பு அவர் பீர் தயாரிப்புத் துறையில் இருந்தவர். பாட்டிலுக்குள் பீருக்கு மேலே உள்ள காற்றை எடுத்து, அதில் என்னென்ன மண வாயுக்கள் இருக்கின்றன என்று பார்ப்பது அந்தத் துறையின் சோதனை முறை. அதே உத்தியை அவர் தண்ணீருக்குப் போட்டுப் பார்த்தார். ஆற்றிலிருந்து எடுத்த நீரில் இல்லாத குளோரோஃபார்ம், குளோரின் கலந்த பிறகு இருந்தது. யாரும் அதைத் தண்ணீரில் போடவில்லை. தண்ணீருக்குள்ளேயே அது பிறந்திருந்தது!

1974-ம் ஆண்டு இதை அவர் வெளியிட்டார். அதே ஆண்டு அமெரிக்காவிலும் ஆய்வாளர்கள் இதே முடிவுக்கு வந்தார்கள். எப்படிப் பிறக்கிறது என்பதையும் ரூக் சொன்னார். இலை, தழை, வேர், மண் ஆகியவை மக்கி நீரில் கரையும்போது தண்ணீருக்கு இளமஞ்சள் நிறம் வருகிறது. அந்தக் கரிமப் பொருளோடு குளோரின் சேரும்போதுதான் குளோரோஃபார்மும் அதன் உறவுக்காரர்களும் உருவாகின்றன.

குற்றாலத்துக்காரர்களுக்கு இந்த நிறம் புதிதல்ல. சாரல் தொடங்கி முதல் வெள்ளம் வரும்போது அருவி தேநீர் நிறத்தில் கொட்டுமே, மலையில் ஆண்டு முழுக்க உதிர்ந்து மக்கிய இலைகளின் சாறு அதில் இருக்கிறது. பார்க்க அழகு, குளிக்கச் சுகம். ஆனால், அந்த நிறத்தோடேயே எடுத்துக் குளோரின் கலந்தால், ரூக் கண்ட அதே கதை இங்கும் நடக்கும். நம்மூர் வெயிலுக்கு அது இன்னும் வேகமாக நடக்கும். வெப்பம் கூடினால் இந்த வினையும் கூடும்.

ரூக் கண்டுபிடித்த வகைக்கு ட்ரைஹாலோமீத்தேன்கள் என்று பெயர். பிறகு ஹாலோ அசிட்டிக் அமிலங்கள் தெரியவந்தன. இன்று 700-க்கும் மேற்பட்ட துணைப்பொருள்கள் அடையாளம் காணப்பட்டுள்ளன. குளோரோஃபார்மை 'மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும்' என்ற பிரிவில் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை வைத்திருக்கிறது. பல்லாண்டுகள் இத்தகைய நீரைப் பயன்படுத்தியவர்களிடம் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் சற்று அதிகம் என்று சில நாடுகளின் ஆய்வுகள் காட்டின. பேரன் சொன்ன 'கேன்சர்' பேச்சின் மூலம் இதுதான்.

கழிவுநீரில் கதை சிக்கலாகிறது

ஆற்று நீரில் இலைச்சாறு என்றால், கழிவுநீரில் ஒரு கடையே இருக்கிறது. சிறுநீரிலிருந்து வரும் அம்மோனியா, சோப்பு, உணவு மிச்சம், விழுங்கிய மாத்திரைகளின் மிச்சம், எல்லாம்.

குளோரின் கழிவுநீரில் விழுந்ததும் முதலில் அம்மோனியாவோடுதான் சேரும். அப்போது குளோரமீன் உருவாகிறது. நீச்சல் குளங்களில் மூக்கைத் துளைத்துக் கண்ணை எரிய வைக்கும் வாடை பெரும்பாலும் குளோரினுடையது அல்ல. வியர்வையோடும் சிறுநீரோடும் குளோரின் சேர்ந்து பிறந்த குளோரமீன்களுடையது. சுத்தமான நீரில் அளவான குளோரின் இருந்தால் வாடை மிக மெல்லியதாகவே இருக்கும். ஆகவே, குழாயில் மூக்கைத் துளைக்கும் வாடை வந்தால் 'பவுடர் அதிகம்' என்பது ஒரு காரணமாக இருக்கலாம். 'தண்ணீரில் அழுக்கு அதிகம்' என்பதும் காரணமாக இருக்கலாம்.

குளோரமீன் வேறொரு வேலையும் செய்யும். கழிவுநீரில் உள்ள சில நைட்ரஜன் சேர்மங்களோடு சேர்ந்து என்.டி.எம்.ஏ. என்ற பொருளை உண்டாக்கும். 'மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் சாத்தியம் அதிகம்' என்ற பிரிவில் உள்ளது இது. குடிநீரில் இது ஒரு லிட்டருக்கு 0.1 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். மைக்ரோகிராம் என்றால் ஒரு கிராமின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. அதில் பத்தில் ஒரு பங்குதான் எல்லை!

இந்தப் பெயரைச் சிலர் ஏற்கெனவே கேட்டிருக்கலாம். நெஞ்செரிச்சலுக்கு வீடுதோறும் இருந்த ரானிடிடின் மாத்திரையில் என்.டி.எம்.ஏ. கண்டறியப்பட்டதால்தான் 2020-ல் அமெரிக்கா அதைச் சந்தையிலிருந்து விலக்கச் சொன்னது. 2022-ல் இந்தியாவின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலிருந்தும் அது நீக்கப்பட்டது. அதே ரானிடிடின் உடலிலிருந்து சிறுநீராக வெளியேறி, கழிவுநீரில் குளோரமீனைச் சந்தித்தாலும் என்.டி.எம்.ஏ. உருவாகும் என்பது ஆய்வுகளில் தெரியவந்த செய்தி. ஒரு வீட்டின் மாத்திரை டப்பாவும் ஊரின் சாக்கடையும் எவ்வளவு நெருக்கம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

மீன்களின் பாடு தனி. நன்னீர் உயிரினங்களைக் காக்க, மீதமிருக்கும் குளோரின் குறுகிய நேரத்துக்குக்கூட லிட்டருக்கு 0.019 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை அளவுகோல் வைத்தது. இந்தியாவில் ஆறுகளில் விடும் கழிவுநீரில் மீதக் குளோரின் 1 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்கிறது பொது விதி. அதற்கும் இதற்கும் 50 மடங்கு வித்தியாசம். ஆற்றில் வெள்ளம் ஓடும்போது கலந்து கரைந்துபோகும். சித்திரை, வைகாசியில் சிற்றாறு மெலிந்து கிடக்கும்போது எதில் கரையும்?

காகிதத்தில் சுத்தம்

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பார்கள். இங்கே அது பாதி உண்மைதான். அளவாகவே இருந்தாலும், சேரக் கூடாததோடு சேர்ந்தால் குளோரின் நஞ்சைப் பெற்றெடுக்கும். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி 'எவ்வளவு பவுடர்?' என்பது மட்டுமல்ல. 'எந்தத் தண்ணீரில் போட்டீர்கள்?' என்பதும்தான்.

இங்கேதான் ஆபத்தான ஒரு குறுக்கு வழி இருக்கிறது. சுத்திகரித்து ஆற்றில் விடும் கழிவுநீரில், 100 மில்லிலிட்டருக்கு மலக்கிருமி எண்ணிக்கை 230-க்குள் இருக்க வேண்டும் என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2019 ஏப்ரலில் கண்டிப்பான அளவை வகுத்தது. நல்ல விதி. கிருமிக்கு எண் இருக்கிறது, கரிமக் கழிவுக்கும் எண் இருக்கிறது. ஆனால், குளோரினால் பிறக்கும் துணைப்பொருள்களுக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை.

ஒரு சுத்திகரிப்பு நிலையம் சரியாக ஓடவில்லை என்று வைத்துக்கொள்வோம். காற்றூட்டும் இயந்திரம் பழுது, அல்லது கொள்ளளவைவிடக் கழிவு அதிகம். வெளியேறும் நீரில் கிருமி எண்ணிக்கை கூடுகிறது. என்ன செய்யலாம்? இயந்திரத்தைச் சரிசெய்வது கடினம், செலவு. குளோரினைக் கூட்டுவது எளிது, மலிவு. நன்றாகச் சுத்திகரித்து வடிகட்டிய நீருக்கு லிட்டருக்குச் சில மில்லிகிராம் குளோரின் போதும். சுத்திகரிக்காத கழிவுநீருக்கு அது 20 மில்லிகிராமையும் தாண்டலாம். கொட்டினால் கிருமி எண்ணிக்கை இறங்கிவிடும், அறிக்கை சுத்தமாகிவிடும். அழுக்கு மட்டும் வேறு பெயரில் ஆற்றுக்குப் போகும். அப்போதும் கழிவுத் துணுக்குகளுக்குள் ஒளிந்திருக்கும் கிருமிகள் தப்பித்துவிடும் என்பது கூடுதல் வேடிக்கை.

திருவிழா, வெள்ளம், காய்ச்சல் காலங்களில் ஓடும் சாக்கடையில் பிளீச்சிங் பவுடரைத் தூவிவிட்டுப் போவதும் இதே ரகம்தான். வெள்ளைக் கோடு கண்ணுக்குத் தெரியும், மனதுக்கு ஆறுதல். சாக்கடையின் அழுக்கு அந்தக் குளோரினை வெகு விரைவில் தின்று தீர்த்துவிடும். கிருமியைக் கொல்ல மிச்சம் அதிகம் இருக்காது.

மற்றவர்கள் என்ன செய்தார்கள்?

கலிஃபோர்னியாவின் ஆரஞ்ச் கவுண்டியில் கழிவுநீரைச் சுத்திகரித்து நிலத்தடிக்குள் செலுத்திவந்தார்கள். அங்கே 2000-ம் ஆண்டு என்.டி.எம்.ஏ. தலைகாட்டியது. திட்டத்தை மூடிவிட்டு ஓடவில்லை. சவ்வு வடிகட்டி, ஆர்.ஓ., அதற்குப் பின் புற ஊதாக் கதிர் என்று அடுக்கடுக்காகப் புதிய நிலையம் கட்டி 2008-ல் திறந்தார்கள். ஆர்.ஓ. சவ்விலும் நழுவிவிடும் என்.டி.எம்.ஏ.வைப் புற ஊதாக் கதிர் உடைத்துவிடும். சிங்கப்பூரில் 2003 முதல் 'நியூவாட்டர்' என்ற பெயரில் ஓடுவதும் கழிவுநீரிலிருந்து பெற்ற நீர்தான். அங்கேயும் அதே அடுக்கு முறைதான். சென்னையில் கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும் தலா 4.5 கோடி லிட்டர் கழிவுநீரை ஆர்.ஓ. வரை சுத்திகரித்துத் தொழிற்சாலைகளுக்கு அனுப்பும் நிலையங்கள் 2019-ல் வந்தன.

சிறு ஊர்களுக்கு இவ்வளவு தேவையில்லை. ஆனால், வரிசை எங்கும் ஒன்றுதான். முதலில் அழுக்கை எடு, அம்மோனியாவைக் குறை, வடிகட்டு. கிருமிநாசினி கடைசியில் வரட்டும். ஆற்றில் விடும் நீருக்குக் குளோரினுக்குப் பதில் புற ஊதாக் கதிர் போதும் என்றால் இன்னும் நல்லது. அதில் துணைப்பொருள்கள் மிகக் குறைவு, மீனுக்கும் தொல்லை இல்லை. ஆனால், கலங்கிய நீரில் கதிர் ஊடுருவாது. அதற்கும் முதலில் தெளிந்த நீர் வேண்டும். குளோரின்தான் போட வேண்டுமென்றால், வெளியேறும் இடத்தில் சோடியம் பைசல்பைட் போன்ற உப்பைக் கொண்டு மீதக் குளோரினை முறித்துவிட்டு ஆற்றில் விடலாம்.

அப்படியானால், குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாமா?

குடிக்கலாம். தோட்டத்துக் கிணற்றுக்குப் போன பாட்டியைத் திருப்பிக் கூட்டிவர வேண்டும். குளோரின் துணைப்பொருள்களின் ஆபத்து பல பத்தாண்டுகளில் கூடும் சிறிய ஆபத்து. கிருமி கலந்த தண்ணீரின் ஆபத்து மூன்றே நாளில் மருத்துவமனையில் படுக்க வைக்கும். துணைப்பொருள்களைக் குறைக்கிறேன் என்று கிருமிநீக்கத்தில் ஒருபோதும் சமரசம் செய்யக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனமே தெளிவாகச் சொல்கிறது.

இந்தியக் குடிநீர்த் தரத்தின்படி குழாயில் வரும் நீரில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் மீதக் குளோரின் இருக்க வேண்டும். குளோரோஃபார்ம் 0.2 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. இரண்டு எண்ணும் ஒன்றாக இருப்பதே ஒரு பாடம். ஒன்று குறையக் கூடாது, மற்றது கூடக் கூடாது. இரண்டையும் ஒரே நேரத்தில் காப்பாற்ற ஒரே வழி, குளோரின் போடும் முன் தண்ணீர் தெளிவாக இருப்பதுதான்.

ஊர்த் தொட்டியில் இதைக் கணக்காகவே பார்க்கலாம். புதிய பிளீச்சிங் பவுடரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குளோரின். 10,000 லிட்டர் தொட்டிக்கு, லிட்டருக்கு 1 மில்லிகிராம் என்ற கணக்கில் 30 கிராம் பவுடர் போதும். வாளியில் கரைத்து, தெளிய விட்டு, தெளிந்த நீரை மட்டும் ஊற்றி, அரை மணி நேரம் கழித்துத் திறக்க வேண்டும். வாய் திறந்து கிடந்த மூட்டையில் வீரியம் போயிருக்கும். அதைக் கைநிறைய அள்ளிப் போட்டாலும் கணக்கு நிற்காது. தொட்டியின் அடியில் சேறு படிந்திருந்தால், பவுடரின் பாதி அந்தச் சேற்றுக்கே போகும்.

வீட்டில் செய்யக்கூடியவை எளியவை. மேல்நிலைத் தொட்டியின் மூடியைச் சரிசெய்து, பாசியும் சேறும் சேராமல் முறையாகக் கழுவ வேண்டும். கலங்கலாக வரும் நாளில் முதலில் தெளிய வைத்து வடிகட்ட வேண்டும். குளோரோஃபார்ம் எளிதில் ஆவியாகும் பொருள் என்பதால், தண்ணீரைக் கொதிக்க வைக்கும்போது மூடியைத் திறந்து வைத்துச் சில நிமிடங்கள் கொதிக்க விட்டால் பெரும்பகுதி போய்விடும். சமையலறை ஜன்னலும் திறந்திருக்கட்டும். கார்பன் வடிகட்டி உள்ள கருவி குளோரினையும் பல துணைப்பொருள்களையும் பிடித்துக்கொள்ளும். காலாவதியான வடிகட்டியை மாற்றாவிட்டால் பயனில்லை. ஒன்று மட்டும் மறக்கக் கூடாது. கொதித்த நீரிலும் வடிகட்டிய நீரிலும் காவலுக்குக் குளோரின் இல்லை. மூடி வைத்து, கைவிடாமல் மொண்டு, சீக்கிரம் குடித்துவிட வேண்டும். மீந்துபோன மாத்திரைகளைக் கழிப்பறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றும் பழக்கத்தையும் இன்றோடு விடலாம்.

ஆனால், வீட்டுக்குள் செய்வது கடைசிக் காவல்தான். முதல் காவல் ஆற்றின் மேல்கரையில் இருக்கிறது. தமிழ்நாட்டில் உலகத் தண்ணீர் தினமான மார்ச் 22 அன்று கிராம சபை கூடுகிறது. வழக்கமாக அங்கே எழும் கேள்வி "தண்ணி எத்தனை நாளைக்கு ஒருதரம் வரும்?" என்பது. அதோடு இன்னும் மூன்று கேள்விகளைக் கேட்கலாம். தொட்டியைக் கடைசியாக எப்போது கழுவினீர்கள்? தெருக் கடைசிக் குழாயில் மீதக் குளோரின் எவ்வளவு? மேலே உள்ள ஊர்களின் கழிவுநீர் எந்த நிலையில் ஆற்றில் விழுகிறது?

வீரகேரளம்புதூருக்கு மேலே ஊர்கள் இருப்பதைப் போலவே கீழேயும் இருக்கின்றன. சீவலப்பேரியில் தாமிரபரணியில் கலந்த பிறகு, அந்தத் தண்ணீரை எதிர்பார்த்து இன்னும் எத்தனையோ குடங்கள் காத்திருக்கின்றன. மேல்கரையைக் கேள்வி கேட்கும் ஊர், கீழ்க்கரைக்குப் பதில் சொல்லவும் தயாராக இருக்க வேண்டும். சொந்த ஊர்ச் சாக்கடை எங்கே போய் விழுகிறது என்று ஒருநாள் மாலை நடந்து பார்த்துவிட்டு வந்தால், அந்தப் பதில் பாதி கிடைத்துவிடும்.